சுவர் நிழலில் ஒரு பாத்தி கீரை

அவளுக்கு வெள்ளையக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரிந்தால் நிற்க வைத்து இரண்டு கேள்வி கேட்கலாம். ஆள் நல்ல கறுப்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் கை பட்ட விரிப்புகள் மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளுத்து வரும், அதனால் வந்த பெயர் அது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நேரே அவளிடமே வந்து, "இங்க வெள்ளையக்கா யாருங்க?" என்று கேட்டு அசடு வழிவார்கள். முன்பெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். புருஷன் போன பிறகு "நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போனான் என்றால் செத்துப்போனான் என்று நினைத்துவிட வேண்டாம். திவ்யமாக இருக்கிறான். வேன் ஓட்டுகிறவன். ஒரு நாள் காலையில் இரண்டு பைகளில் துணிமணியைத் திணித்துக்கொண்டு, "இனிமே நான் அங்கதான் இருப்பேன்" என்றான். அங்கே என்றால் ஊரின் மறுகோடியில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருந்த ஒருத்தியின் வீட்டில். இந்த வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது. அதைத்தான் காரணமாகச் சொல்லப் போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் அதையும் சொல்லவில்லை, வேறு எதையும் சொல்லவில்லை. பெற்ற தாயைக்கூட, மழை விட்டதும் மறந்து வைத்துவிட்டுப் போகிற குடை மாதிரி இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

மாமியார் அன்றைக்குப் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வயிற்றில் அடித்துக்கொண்டாள், மகனை வாய்க்கு வந்தபடி ஏசினாள், வாசல் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, மாமியாரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். "இவ என்ன பொம்பளையா, கல்லா?" என்று வாயைப் பிளந்தார்கள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. மரத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அது உடம்பு முழுக்க இருந்தது. ஊசியின் வேகம் என்றைக்காவது இறங்கும் என்று அவளும் பார்த்தாள். மாதங்கள் போயின, இறங்கவில்லை.

அதற்கு முன்னால் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வராத நாள் உண்டா? உப்பு கூடினால் சண்டை, குழாயைச் சரியாக மூடாவிட்டால் சண்டை, துணியைத் தலைகீழாகக் கொடியில் போட்டால் சண்டை. இப்போது அந்த வீட்டில் சத்தமே இல்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே! மாமியார் தன்னால் ஆன மட்டும் வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். "இது குழம்பா, கழுவின தண்ணியா?" என்பாள். "நாளைக்குச் சரியா வைக்கிறேன் அத்தை" என்று பதில் வரும். கிழவிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். மகன் போன துக்கத்தைவிட, தன்னோடு சண்டை போட ஆள் இல்லாமல் போன துக்கம்தான் அவளை அரித்தது என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள்.

சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு துண்டு நிலம். முன்பு அங்கே வெயில் இருந்தது. புருஷன் ஆசையாகத் தக்காளி போட்டான், காய்த்தது. பிறகு பக்கத்து மனைக்காரர் மூன்று மாடி எழுப்பினார். அந்தச் சுவர் வெயிலை மொத்தமாக முழுங்கிவிட்டது. முற்பகலில் சுவருக்கும் இவர்கள் வீட்டுக் கூரைக்கும் நடுவே ஒரு நாடா அகலத்துக்கு வெளிச்சம் வந்து, தரையில் சற்று நேரம் கிடந்துவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் ஈரமும் பாசியும் நத்தையும்தான்.

புருஷன் போனாலும் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை. பாசத்தில் இல்லை. குழாயடியில் வாளி இருந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது, கை ஊற்றியது. செடிகள் வெளிச்சத்தைத் தேடி ஆள் உயரத்துக்கு ஒல்லியாக வளர்ந்து நின்றன. பூ இல்லை, பிஞ்சு இல்லை.

"என்னடி இது, தக்காளியா, விளக்குக் கம்பமா? உச்சியில ஒரு பல்பு மாட்டு, தெருவுக்காவது உதவும்" என்றாள் மாமியார்.

வெள்ளையக்கா அன்று மாலையே அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அவளுடைய கண்ணில் பட்டது வேறொன்று. மாமியார் புதினா ஆய்ந்துவிட்டுத் தண்டுகளைக் குழாயடியில் வீசுவாள், கூட்ட மாட்டாள். அந்தத் தண்டுகள் நிழலிலேயே வேர் பிடித்து, குழாயைச் சுற்றிப் புதராக மண்டிக்கிடந்தன. காய்க்க வேண்டியதுதான் வெயில் கேட்கிறது, இலை மட்டும் போதும் என்றால் நிழலிலும் வரும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். விதைக் கடையில் பாலக்கீரை விதையும் கொத்தமல்லியும் வாங்கினாள். வெளிச்ச நாடா விழுகிற இடமாகப் பார்த்து மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டி விதைத்தாள். மாமியார் சமையலறைப் படியில் நின்று, "புதினா நான் வீசினது, ஞாபகம் வெச்சுக்க" என்றாள்.

முளைத்தது. முளைத்த வேகத்தில் எல்லாம் ஒரே பக்கமாக, வெளிச்சம் வருகிற திசைக்குச் சாய்ந்துகொண்டது. கழுத்து சுளுக்கின மாதிரி நின்ற அந்த நாற்றுகளைப் பார்த்தபோது அவளுக்குச் சலவைக்கூடத்தின் பின்கட்டு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு இருட்டு மூலை உண்டு. காயப்போட்ட விரிப்புகள் வரிசையாகத் தொங்கும் நாளில் அந்த மூலையில்கூட ஊசி கோக்கலாம், அவ்வளவு வெளிச்சம் அடிக்கும். ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளைக் கந்தல் என்று ஒதுக்குவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவள் நாலைந்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பாத்திக்கு மேலாக, மாடிச் சுவரை ஒட்டி ஒரு கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். நாடா வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பாத்தி முழுக்க விழுந்தது. சில நாளில் கீரை நிமிர்ந்து நின்றது. நம்பாவிட்டால் போங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மாடிவீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஆஸ்பத்திரி பெட்ஷீட்டா தொங்குது? யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்!" என்று கீழிருந்து கத்தினாள் மாமியார். "நான் எப்ப போவேன்னு என் மருமக எல்லாம் தயாரா வாங்கி வெச்சிருக்கா!"

அந்தச் சமயத்தில்தான் மகன் போன் செய்தான். "அம்மா, இங்க வந்துடு. அவ வேலைக்குப் போறா, நான் வண்டியோட அலையறேன். பிள்ளைங்களப் பாத்துக்க ஆளே இல்ல."

"ஆள் இல்லன்னதும்தான் அம்மா ஞாபகம் வந்துச்சாடா உனக்கு?" என்று வெடித்தாள் தாய். போனை வைத்தபிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருக்கட்டும், பெற்ற பிள்ளை கூப்பிட்டுவிட்டானே. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே மருமகளிடம் சொன்னாள்.

"அவன் கூப்பிடுறான்."

"ம்."

"போகட்டுமா?"

"உங்க இஷ்டம் அத்தை."

உங்கள் இஷ்டமாம்! கேட்டீர்களா இந்தப் பதிலை? கிழவி எதற்காக அப்படிக் கேட்டாள் என்று பச்சைப் பிள்ளைக்கும் புரியும். "போகாதீங்க" என்று ஒரு சொல், போதும், அவள் மகனை நாலு வார்த்தை திட்டிவிட்டு இங்கேயே கிடந்திருப்பாள். வெள்ளையக்காவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு உள்ளே ஏதாவது அசைய வேண்டுமே. எதுவும் அசையவில்லை.

மாமியார் வீம்புக்காரி. "சரி, போறேன். இந்த இருட்டுல என்னமோ வெள்ளாமை பண்றியே, அந்தக் கீரைய ஒரு வாய் தின்னுட்டுப் போறேன். அறுக்கிற வரைக்கும் இருப்பேன்" என்றாள். மகனிடமும் அதையே சொன்னாள். அந்தப் பாத்தி ஒரு நாளும் அறுப்புக்கு வராது என்பது அவளுடைய கணக்கு.

வந்து தொலைத்தது. வெள்ளையக்கா எதைச் செய்தாலும் திருத்தமாகத்தான் செய்வாள், அது அவள் கையின் குணம். நெருக்கமாக இருந்ததைக் களைந்தாள். காலையில் தண்ணீர் காட்டினாள், சாயங்காலம் தேங்கியதை வடித்தாள். இலைகள் நாளுக்கு நாள் அகன்றன. மாமியார் தினமும் கதவோரம் வந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் ஒரு இலை விட்டிருக்கு சனியன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போவாள். பகலில் நத்தை பொறுக்குவது அவள் வேலையாக இருந்தது, அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டாள். வெள்ளையக்கா வேலையிலிருந்து வந்து இலைகளில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்தாள். குனிந்து தானே பொறுக்க ஆரம்பித்தாள்.

கிழவி போய்விட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. தொட்டியருகே நிற்கும்போது ஒருமுறை யோசித்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் இனி வெளியே பூட்டுத் தொங்கும், சாவி போட்டுத் திறக்க வேண்டும். உள்ளே "ஏன்டி இவ்வளவு நேரம்?" என்று கேட்க ஆள் இருக்காது. பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல் நாள்கணக்கில் இருக்கலாம். பிறகு பேச்சே மறந்துபோகும். அந்த இடத்தில் யோசனை நின்றுவிட்டது. பயமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது, பயம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியார் பாத்தியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அறுத்துடு. ஞாயித்துக்கிழமை அவன் வரேன்னு சொல்லிட்டான்" என்றாள். குரலில் உயிரே இல்லை. வெள்ளையக்கா தலையை ஆட்டினாள். அவளுடைய பார்வை கயிற்றில் இருந்தது. ஈரத்தில் தொங்கித் தொங்கி விரிப்புகளில் சாம்பல் பூத்திருந்தது, ஓரங்களில் பச்சைப் பாசி. நாளைக்கு அறுக்கப் போகிற பாத்திக்கு இன்றைக்கு வெளிச்சம் எதற்கு என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அழுக்கு விரிப்பைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் இறக்கி, பெரிய வாளியில் பிளீச் கரைத்து ஊறப்போட்டாள். அளவு ஆஸ்பத்திரி அளவு.

இந்த இடத்தில் அவள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தில் அவள் பார்ப்பது பிளீச் தொட்டி. கறை போன விரிப்பைக் கோலால் தூக்கி, பிழிந்து, நீர் வடியக் கம்பியில் போடுவாள். அதோடு அவள் வேலை முடிந்தது. மெஷின்காரர் தள்ளுவண்டியோடு வந்து எடுத்துக்கொண்டுபோய் அலசுவார். அலசுவது அவர் பாடு. இத்தனை வருஷத்தில் ஒரு விரிப்பைக்கூட அவள் அலசியதில்லை. வீட்டுத் துணிக்குச் சோப்புப் போட்டால் நன்றாக அலசித்தான் போடுவாள், அது வேறு. இன்றைக்குக் கையில் இருந்தது ஆஸ்பத்திரி விரிப்பு, மூக்கில் ஏறியது பிளீச் நெடி. கை தன் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தூக்கினாள், பிழிந்தாள், கயிற்றில் போட்டாள், உள்ளே போனாள். மெஷின்காரர் வந்து அலசுவார் என்று கைக்கு நினைப்பு.

விரிப்புகள் பாத்தியின் மேல் விடிய விடியச் சொட்டின.

காலையில் கதவைத் திறந்தபோது கீரை கீரையாக இல்லை. இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, நடுப்பகுதி வெந்த மாதிரி துவண்டு மண்ணோடு படுத்திருந்தது. மேலே விரிப்புகள் பளிச்சென்று தொங்கின. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அலசல" என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மாமியார் எழுந்து வந்து பார்த்தாள். முதலில் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு விரிப்பை முகர்ந்து பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள், மறுபடி விரிப்பைப் பார்த்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது. இன்றைக்கு அறுக்க வேண்டிய பாத்தி, நேற்றுச் சாயங்காலம் பிளீச். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அவள் மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாத்தியா என் மருமக பண்ணின வேலைய! நான் போயிடக் கூடாதுன்னு பயிரையே கொன்னுட்டா! வாயத் தொறந்து சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவா, அழுத்தக்காரி!"

மகனுக்கும் போன் போட்டாள். "என்னை விடமாட்டேங்குறாடா அவ. நீ வராத." அவன் "சும்மா இரும்மா, நாளைக்குக் காலையில வரேன்" என்று வைத்துவிட்டான். அதுகூட அவளைத் தொடவில்லை. அன்று முழுக்கத் தெருவில் யார் அகப்பட்டாலும் பிடித்து நிறுத்திச் சொன்னாள்.

வெள்ளையக்கா மாலையில் திரும்பியபோது மேசையில் டீ தயாராக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் அவளுக்குப் போட்டு வைத்த முதல் டீ. கிழவி எதிரில் உட்கார்ந்து, என்றும் இல்லாத குழைவோடு கேட்டாள்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனே. பாவம், அந்தப் பயிர எதுக்குச் சாகடிக்கணும்?"

வெள்ளையக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையை ஆட்டினாள். "இல்ல அத்தை. பிளீச் சொட்டிடுச்சு. அலச மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆமா. அங்க அலசுறது என் வேலை இல்லையா, அந்த ஞாபகத்துல போட்டுட்டேன்."

"அப்போ… நான் போகக் கூடாதுன்னு பண்ணல?"

"இல்ல."

அட மகராசி! அந்த ஒரு "இல்ல"வை விழுங்கித் தொலைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? டீயோடு டீயாக உள்ளே போயிருக்கும். ஆனால் பொய் சொல்வதற்கும் மனசில் கொஞ்சம் சூடு வேண்டும். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. காலையிலிருந்து தெரு முழுக்கச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடமே திரும்பி வந்தது. எழுந்தாள். டீக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள், மருமகள் இன்னும் பாதிகூடக் குடிக்கவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பை கட்டி வாசலருகே இருந்தது. மாமியார் தலை வாரி, வெளியே போகிற உடுப்பு உடுத்தித் தயாராக இருந்தாள். மாடிவீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வரக் கிழவி வெளியே போனாள்.

வெள்ளையக்கா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பை அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதே வாசல், அன்றைக்கு இரண்டு பை, இன்றைக்கு ஒன்று. அன்றைக்கு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்கு ஞாயிறு, ஷிப்டு கிடையாது, கடிகாரத்தைப் பார்ப்பதற்குக்கூட வழியில்லை. தெருமுனையில் வேன் திரும்புகிற சத்தம் கேட்டது. அந்த இன்ஜின் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் அவளால் சொல்ல முடியும்.

பையைத் தூக்கினாள். சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். குழாயடித் தொட்டியில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மடித்த துணிகளெல்லாம் பொத்தென்று விழுந்தன. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவன் இறங்க மாட்டான், போன நாளிலிருந்து இந்த வாசற்படியை அவன் மிதித்ததில்லை. மாமியார் அவசரமாக உள்ளே வந்தாள். "என் பை எங்கடி?" கூடத்தில் தேடினாள், அறையில் தேடினாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! அத்தனையும் சுத்தமான துணிடி! நேத்துதானே மடிச்சு வெச்சேன்! உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

வெள்ளையக்கா நிமிரவில்லை. முழங்கை வரை நுரை. ஒரு துணியை எடுத்துக் கசக்கிக்கொண்டே பேசினாள். கீழே குனிந்து பேசியதால் குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"கீரை தெரியாம நடந்தது அத்தை. சத்தியமா தெரியாம நடந்தது."

"அதான் சொல்லிட்டியே."

"இது தெரிஞ்சுதான் பண்றேன்."

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது.

"எனக்கு அழுகை வரல அத்தை. அவர் போனப்பவும் வரல, இப்பவும் வரல. ஒண்ணுமே வர மாட்டேங்குது. எப்ப வரும்னும் தெரியல." கை கசக்குவதை நிறுத்தவில்லை. "ஆனா நீங்க போகக் கூடாது."

மாமியார் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு, "பார்டர்ல தேய்க்காத, சாயம் போயிடும். உனக்கு எத்தனை தடவை சொல்றது!" என்று அதட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான் மகன், வேனில் இருந்தபடியே.

"வர முடியாதுடா. எல்லாத் துணியும் ஈரமா கிடக்கு."

"ஈரமா? சரி, காயட்டும். சாயங்காலம் வரட்டா?"

"சாயங்காலமா? எங்க பின்பக்கத்த நீ பாத்திருக்கல்ல? வெயிலே கிடையாது. அங்க போட்டா எப்பக் காயும்னு யாரால சொல்ல முடியும்? நீ போ."